ஊர்ப்பெயர் மட்டும் எழுதிய வளையம்

கிரிம்ஸ்பி என்ற எங்கள் இங்கிலாந்துத் துறைமுக ஊரின் பெயரை சிரில் ஓட்லிங் எழுதிய அளவுக்கு வேறு எவனும் எழுதியிருக்க மாட்டான். இங்கே பதிவான மீன்பிடிக் கப்பல் ஒவ்வொன்றின் பின்புறத்திலும், கப்பலின் பெயருக்குக் கீழே ஊரின் பெயர் இருந்தாக வேண்டும். அதை எழுதியது சிரில். மீன் பெட்டிகளில் எழுதியது சிரில். துறைமுக வாசல் பலகை, சாராயக்கடைக் கண்ணாடி, கால்பந்து மைதானத்துச் சுவர் எல்லாம் அவன் கைதான். அந்த மைதானமே ஒரு கூத்து. எங்கள் ஊர்ப்பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஆடுகிறவர்கள் எங்கள் ஊரில் ஆடுவதில்லை. பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் போய் ஆடி, அங்கேயே தோற்றுவிட்டு வருவார்கள்.

பெயருக்கு என்ன, யாரும் வைத்துக்கொள்ளலாம். கனடாவில் ஒரு கிரிம்ஸ்பி இருக்கிறதாம், பீச் பழம் விளைகிற ஊர். அங்கிருந்து ஒரு தம்பதி வந்து, துறைமுகத்தில் பத்து நிமிஷம் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு ரயிலேறிப் போனார்கள். ஆர்த்தர் கிரிம்ஸ்பி என்று ஒரு கரிக்காரனும் இருந்தான். பேர்தான் அப்படி, ஆள் கடலே இல்லாத லெஸ்டர் பக்கம். ஹம்பர் ஆற்றைப் படகில் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். அவனுடைய வண்டியிலும் பெயர் எழுதிக் கொடுத்தது சிரில்தான். "இந்தப் பேர வச்சுக்கிட்டுக் கடலப் பாத்துப் பயப்படறியேடா, ஊர் மானம் போகுது" என்று அவனைச் சீண்டுவதில் சிரிலுக்கு ஒரு சந்தோஷம். அவன் சீண்டிப் பேசியவர்கள் மொத்தமே நாலைந்து பேர்தான். மற்றபடி வாயைத் திறக்காத மனிதன்.

பதினைந்து வயதில் கடலுக்குப் போனவன். வலை இழுக்கும் இரும்புச் சக்கரத்தில் சிக்கி இடது கையில் மூன்று விரல் போயிற்று. வலது கை மிச்சமிருந்ததால் கம்பெனி அவனை பெயிண்ட் கொட்டகையில் உட்கார வைத்தது. உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கல்யாணம் செய்தான், ஐவி என்று நல்ல பெண். நெஞ்சுச் சளியில் அவள் போய்ச் சேர்ந்தபின் மகள் மேவிஸ் மட்டும் மிச்சம். அவள் ரான் என்ற மாலுமியைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள். ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு மகள் வீட்டில்தான்.

சிரிலின் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பலில் தொங்கும் மிதவை வளையங்கள் இருக்கின்றனவே, ஆள் தண்ணீரில் விழுந்தால் எறிகிறவை, அவற்றின் மேல் வளைவில் கப்பல் பெயர் வரும், கீழ் வளைவில் ஊர்ப்பெயர் வரும். கப்பல் பெயர் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஊர்ப்பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே வேலை மந்தமான நாட்களில் வளையங்களை வரிசையாக மாட்டி, கீழ் வளைவை மட்டும் எழுதிக் காயவைத்து அலமாரியில் அடுக்கிவிடுவான். எந்தக் கப்பலுக்கு வேண்டுமென்று ஆள் வருகிறதோ, அப்போது மேல் வளைவை எழுதிக் கொடுப்பான். கெட்டிக்காரத்தனம்தான். அதில் யார் என்ன தப்பு சொல்ல முடியும்?

அந்த ஜனவரியில் ரான் போன கப்பல் லிடியா ஹார்ன். புறப்படுகிற அன்று காலையில் அவன் கொட்டகைக்குள் மூச்சிரைக்க வந்தான்.

"மாமா, ஒரு வளையம் குடுங்க. எங்களுது ஒண்ணு உடைஞ்சு கெடக்கு. கேப்டன் குதிக்கறார்."

"இருடா, பேரு எழுதித் தரேன்."

"எழுதி, அது காய்ஞ்சு... அதுக்குள்ள கடல் தண்ணி வடிஞ்சுடும், துறைமுக மதகை மூடிருவான். குடுங்க மாமா, அடுத்த தடவ வந்து எழுதிக்கறேன்."

"பேரில்லாம கொண்டு போவியா?"

"ஊர் பேரு இருக்குல்ல? தொலைஞ்சா ஊருக்குத்தான் திரும்பி வரும்" என்று சிரித்துக்கொண்டே அவனே அலமாரியிலிருந்து ஒன்றை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். சிரிலும் விட்டுவிட்டான். மருமகன் அவசரத்தில் இருக்கும்போது எந்த மாமனார்தான் சட்டம் பேசுவான்?

அன்றைக்கு மேவிஸ் துணி துவைக்கவில்லை. துவைத்தால் புருஷனைக் கடல் அடித்துப் போய்விடும். வாசலில் நின்று கையாட்டவில்லை. அலை வந்து இழுத்துப் போகும். பச்சை ரவிக்கையைத் தொடவில்லை. அந்த நிறம் கடலுக்கு ஆகாது. எதையெல்லாம் செய்யக்கூடாதோ அதில் ஒன்றையும் அவள் செய்யவில்லை.

ஐஸ்லாந்துக்கு வடக்கே அந்த மாதம் அடித்த காற்றைப் பற்றிப் பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். மேலே தெறிக்கிற தண்ணீர் கீழே விழுவதற்குள் உறைந்துவிடுமாம். கயிறு, கம்பம், கூண்டு எல்லாவற்றிலும் பனிக்கட்டி ஏறும். ஆட்கள் கோடரியால் வெட்டி வெட்டித் தள்ளுவார்கள். வெட்டுகிற கை ஓய்ந்தால் பாரம் தாங்காமல் கப்பல் ஒருபக்கம் சாய்ந்து கவிழும். மற்ற கப்பல்கள் எல்லாம் எப்படியோ ஏதோ ஒரு மலையின் மறைவில் ஒதுங்கித் தப்பின. இரண்டு மட்டும் பேச்சில்லாமல் போயின. ஒன்று லிடியா ஹார்ன். இன்னொன்று அதே கம்பெனியின் சாண்ட்பைப்பர்.

சாண்ட்பைப்பரில் எட்னா கிரிப்பின் புருஷன் லென் இருந்தான், மகன் கிளிஃபோர்டும் இருந்தான். எட்னா சிரிலுக்கு எதிர்வீட்டுக்காரி. அப்பனும் மகனும் ஒரே கப்பலில் போகக் கூடாது என்று அவள் சண்டை போட்டுப் பார்த்தாள். "அப்பா பாத்துப்பார்மா" என்று மகன் சொல்லிவிட்டான். தெருவில் இரண்டு வீட்டிலும் ரேடியோப் பெட்டி அணைக்கப்படவேயில்லை. கப்பல்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் முள்ளை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரோ பேசினார்கள். திட்டினார்கள், மீன் விலை பேசினார்கள். அந்த இரண்டு கப்பலின் குரல் மட்டும் வரவில்லை.

"பனி ஏறி ரேடியோ கம்பி அறுந்திருக்கும். எங்கயாவது ஒதுங்கி நிப்பாங்க" என்றார்கள் எல்லோரும். அப்படி நின்று திரும்பி வந்த கப்பல்கள் உண்டு. அதனால்தான் அந்தப் பேச்சு பெண்களை உயிரோடு வைத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனிக்குத் தகவல் வந்தது. ஐஸ்லாந்தின் வடகரையில் ஆடு மேய்க்கிற ஒருவன் கடலோரத்தில் ஒரு சிறுபடகின் உடைந்த பாதியையும், பக்கத்தில் ஒரு மிதவை வளையத்தையும் கண்டெடுத்திருக்கிறான். வளையத்தில் கிரிம்ஸ்பி என்று இருக்கிறது. கப்பல் பெயர் இல்லை.

பனிக்கட்டி உரசி மேல் எழுத்து அழிந்திருக்கும் என்று ஊரே முடிவு கட்டியது. அந்தப் பக்கம் போயிருந்த நம் கப்பல் ஒன்று அதை ஏற்றிக்கொண்டு வருகிறது, சிரில் பார்த்தால் அழிந்த எழுத்தின் தடத்தை வைத்து எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவான் என்றும் பேசிக்கொண்டார்கள்.

சிரில் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தகவல் காதில் விழுந்தபோது அவன் ஒரு மீன் பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தான். தூரிகையைக் கீழே வைத்தான். அப்புறம் அதைக் கழுவினான். கழுவிய தூரிகையை மறுபடியும் கழுவினான். கிரிம்ஸ்பியில் இருந்த அத்தனை கப்பலிலும் பெயரில்லாத வளையம் ஒன்றே ஒன்றுதான். அது எந்தக் கப்பலில் போனது என்பது உயிரோடிருக்கிற ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

மகளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று சாயங்காலம் போனான். மேவிஸ் ஹேடாக் மீன் பொரித்து வைத்திருந்தாள். இரண்டு வாரமாகத் தேநீரும் சிகரெட்டுமாகக் கிடந்த பெண் அன்று தட்டில் மீனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்குத்தாம்ப்பா பசிக்குது" என்றாள். "அது சாண்ட்பைப்பரோடதுதான்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. அது பழைய ஓட்டைக் கப்பல். ரானே சொல்லுவார், காத்தடிச்சா மொதல்ல போறது அதுதான்னு. எட்னா பாவந்தான். ஆனா எங்களுது இல்லப்பா."

"ம்" என்றான் சிரில்.

"சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

சாப்பிட்டான். என்ன சொல்வது? மகள் சாப்பிடுகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டு அவனும் சாப்பிட்டான். கல்நெஞ்சுக்காரன் என்று சிலர் பின்னால் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

எட்னாவுக்கும் மேவிஸுக்குத் தோன்றியதுதான் தோன்றியிருக்கிறது. மறுநாளே முன்வாசல் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள். எங்கள் ஊரில் திரையை மூடினால் அந்த வீட்டில் சாவு. கிளிஃபோர்ட் தைத்து வைத்திருந்த இளநீலக் கோட்டையும் கால்சட்டையையும் அக்காள் மகனுக்குக் கொடுத்தாள். மூன்று வாரம் கடலில் கிடந்து கரைக்கு வந்தால், மூன்று நாள் ராஜா மாதிரி போட்டுக்கொண்டு திரியப் பையன்கள் தைப்பார்களே, அந்த உடுப்பு. அழுது, முகம் கழுவி, பிறகு சிரிலின் கொட்டகைக்கு வந்தாள்.

"சிரில், அந்த வளையம் வந்ததும் நீதான் பாக்கப் போறியாம்."

"ஆமா எட்னா."

"போச்சுன்னா போச்சுன்னு நேரா சொல்லிடு. இழுக்காத. நான் அழுது முடிச்சுட்டேன். இப்படி நடுவுல தொங்கிக்கிட்டு இருக்கறதுதான் என்னால ஆகல."

அப்போதே சொல்லியிருக்கலாம். உன்னுடையது இல்லை என்ற ஒரு வார்த்தை. ஆனால் எட்னாவிடம் சொன்னால் அரைமணி நேரத்தில் தெரு தாண்டி மேவிஸுக்குப் போய்விடும். "வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். எட்னா தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் போன பின்பு அவன் கொட்டகைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தான்.

வளையம் வரப்போகிற அன்று காலையில் மேவிஸிடம் போனான். வேறு வழியில்லை. கம்பெனி ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அவள் அதைக் கேட்கக் கூடாது.

நின்றுகொண்டே சொன்னான். ரான் ஓடி வந்தது, அவசரம், அலமாரி எல்லாவற்றையும் சொன்னான். மேவிஸ் ரேடியோப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் ரானுக்கும்."

"அப்ப உங்களுக்கு மட்டுந்தான்" என்றாள் மேவிஸ்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுல சாண்ட்பைப்பர் எழுத்துத் தடம் தெரியுதுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"மேவிஸ்..."

"எட்னா அழுதுட்டாப்பா. திரை மூடியாச்சு, துணிமணி குடுத்தாச்சு. அவளுக்குப் புதுசா ஒண்ணும் போகப் போறதில்ல. எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க. ரேடியோ பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எட்னா என்கிட்ட நேரா கேட்டாம்மா."

"நான் யாரு? தெருவுல போறவளா?"

சிரில் தொப்பியை எடுத்துக்கொண்டான். அவளும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஆபீஸில் மேசை மேல் செய்தித்தாள் விரித்து அதில் வளையத்தை வைத்திருந்தார்கள். இரண்டு கப்பல் வீட்டுப் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ்டர் ஓட்லிங், நிதானமா பாருங்க" என்றார். கப்பல் போனால் மட்டும் இவர்களுக்கு மிஸ்டர் போட வரும்.

சிரில் மேசையருகே போனான். உப்பில் ஊறிக் கான்வாஸ் விறைத்திருந்தது. கீழ் வளைவில் அவன் கையெழுத்து கெடாமல் அப்படியே இருந்தது. மேல் வளைவு வெறுமை. உரசலும் இல்லை, தடமும் இல்லை. அங்கே இருந்த யாருக்கும் அது தெரியப் போவதில்லை. ஒரு எழுத்தைச் சொல்லி விரலால் தொட்டுக் காட்டினால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். நிமிர்ந்தான். மேவிஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்னா கைப்பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"எங்களுதா சிரில்?" என்றாள் எட்னா.

"இல்ல எட்னா. இது லிடியாவோடது. மேல பேரு எழுதவே இல்ல. ரான்தான் அவசரத்துல வாங்கிட்டுப் போனான்."

லிடியா ஹார்ன் பெண்களில் ஒருத்தி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். எட்னா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவளை அறியாமல் வந்த சிரிப்பு. மேவிஸைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேவிஸ் திரும்பி வெளியே போனாள். சாயங்காலம், கடலில் போனவர்களின் சாவுச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவருகிற மீனவர் மிஷன்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த மனிதர் யார் வீட்டைத் தட்டுகிறார் என்று தெருவே திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தது. ராத்திரி சிரில் சாப்பிடப் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான். அந்தக் கதவு அவனுக்குத் திறக்கவேயில்லை.

எதிர்வீட்டில் திரை விலகிற்று. எட்னா அடுப்பு மூட்டினாள். அக்காளிடம் போய்ச் சண்டை போட்டு இளநீல உடுப்பைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்து, தேய்த்து மாட்டினாள். "அபசகுனமா அழுது தொலைச்சுட்டேன், வந்ததும் லென் என்னத் திட்டப் போறாரு" என்று ஃப்ரீமன் தெருக் கடைகளில் எல்லாம் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மலைக்குப் பின்னால், ரேடியோ இல்லாமல், கரி தீர்ந்து போய் நிற்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கப்பல்கள் உள்ளே வருகிற கடல் ஏற்றத்தின்போதெல்லாம் இரண்டு பேருக்குச் சாப்பாடு தயாராக இருக்கும். யாரும் வராமல் அது பக்கத்து வீட்டுக்குப் போகும். அவள் வீட்டுக் கூடத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. சிரில் அதைக் கேட்டுக்கொண்டே தன் வீட்டில் தனியாக ரொட்டியைத் தின்றான். மகளை இழந்தாலும் இந்த ஒரு வீட்டுக்காவது நல்லது செய்தோம் என்று நினைத்திருப்பான். நினைக்காமல் எப்படிப் படுத்துத் தூங்கியிருக்க முடியும்?

வசந்தம் வந்தது. வடக்கே பனி உடைந்தது. தேடப் போன கப்பல்களும் விமானங்களும் சாண்ட்பைப்பரின் ஒரு பலகையைக்கூடக் காணவில்லை. கம்பெனி அதையும் இழந்துபோன கப்பல்களில் சேர்த்தது. மிஷன்காரர் இரண்டாவது தடவையாக எங்கள் தெருவுக்குள் வந்தார். எட்னா அவரை உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து, "வேற வீடு பாருங்க" என்றாளாம். தேவாலயத்தில் பெயர்கள் வாசித்தபோதும் அவள் போகவில்லை. அதற்கும் சில நாட்கள் கழித்துத்தான் திரையை இழுத்தாள்.

அந்த வாரம் அவள் கொட்டகைக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். பாதியாகக் கரைந்து போயிருந்தாள். சிரில் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"மேவிஸ் சொன்னா. நேத்து எங்க வீட்டுக்கு வந்திருந்தா" என்றாள். "பொய் சொல்லச் சொல்லி உன்னக் கேட்டாளாமே."

"ஆமா."

"பெத்த பொண்ணு கேட்டும் சொல்லல."

"உனக்காகத்தான் எட்னா. நீ நேரா சொல்லச் சொன்னே."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல" என்றாள் எட்னா. குரலில் கோபம்கூட இல்லை. "அன்னிக்கு நான் அழுது முடிச்சிருந்தேன் சிரில். எழுந்து நிக்கக் கத்துக்கிட்டிருந்தேன். நீ மட்டும் 'இது உங்களுது'ன்னு சொல்லியிருந்தா, அவங்க ரெண்டு பேரையும் நான் ஒரு தடவதான் பறிகொடுத்திருப்பேன்."

சிரில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எட்னா கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள்.

"இனிமே எனக்கு எதுவும் நல்லது பண்ணாத" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்து, தன் வீட்டுக்குப் போகாமல் மேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு உடனே திறந்தது. சிரில் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தான்.